தோல் செருப்பு இளகும், காது அச்சு இளகாது

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. குமாரபாளையத்தில் 40 வருடம் விசைத்தறியில் நின்றவர். இரண்டு காதுக்கும் பின்னால் மாட்டும், காது கேட்கும் மெஷின் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. காதில் அளவு எடுத்து, கெட்டியான பிளாஸ்டிக்கில் மோல்டு (காதுக்குள் உட்காரும் அச்சு) செய்து கொடுத்தார்கள். வலது பக்கம் மாட்டிய ஒரு மணி நேரத்தில் வலி ஆரம்பித்துவிடுகிறது. இடது பக்கம் வலி இல்லை, ஆனால் சாப்பிடும்போது கீச்சென்று கத்துகிறது. பேசினால் தன் குரலே குடத்துக்குள் இருந்து வருவது மாதிரி இருக்கிறதாம். வாங்கிய இடத்தில் கேட்டால் "பழகிடும்" என்கிறார்கள். அப்பாவும் "புதுச் செருப்பு கடிக்கத்தானே செய்யும்" என்று தேங்காய் எண்ணெய் தடவி மாட்டிப் பார்க்கிறார். பாதி நாள் மெஷின் டப்பாவில்தான் கிடக்கிறது. மெத்தென்ற சிலிகான் மோல்டாக மாற்றிவிடலாமா? காது சோதனையின் வரைபடமான ஆடியோகிராம் இணைத்திருக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு, போன வருடம் பல் செட் வைத்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பதில்: சம்பந்தம் இல்லை என்று கடைசியில் எழுதினீர்களே, அந்த இரண்டு விஷயங்களைத்தான் நான் திரும்பப் போய் வாசித்தேன். அதற்கு வருகிறேன். முதலில் அந்தப் "பழகிடும்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

புது மெஷின் போட்டவருக்குச் சத்தம் பழக வேண்டும். மின்விசிறி ஓடுவது, பாத்திரம் விழுவது, தன் செருப்புச் சத்தம் எல்லாம் பல வருடம் கழித்துத் திடீரென்று காதுக்கு வரும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். மூளை அதை ஓரம் கட்டச் சில வாரங்கள் பிடிக்கும். காதுக்குள் ஏதோ இருக்கிறது என்ற உணர்வும் சில நாளில் மறந்துபோகும். வலி அந்தக் கணக்கில் வராது. அப்பாவின் செருப்பு உவமை நல்ல உவமைதான். ஆனால் செருப்பு ஏன் பழகுகிறது? தோல் இளகி, கால் மாதிரியே ஆகிவிடுவதால். கெட்டி மோல்டு அக்ரிலிக். அது இளகாது. மூன்று வாரம் போட்டாலும் மூன்று வருடம் போட்டாலும் அதே வடிவம்தான். மாறக்கூடியது காதின் தோல் மட்டுமே, அதுவும் புண்ணாகித்தான் மாறும்.

இதை நான் யாரையும் குறை சொல்லும் தொனியில் எழுதவில்லை. காது மெஷின் பொருத்தும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே அந்த வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். டீக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர். ஆறு மாதம் கழித்து வேறு எதற்கோ வந்தபோது மெஷின் எங்கே என்று கேட்டேன். பீரோவில் இருக்கிறது என்றார். வலி என்று சொல்லக்கூட அவருக்குக் கூச்சம், தன் மேல்தான் தப்பு என்று நினைத்திருந்தார். மோல்டைக் கொண்டுவரச் சொல்லி விரலால் தடவிப் பார்த்தேன். நுனியில் ஒரு மேடு, கடுகு அளவுதான் இருக்கும். தேய்த்து மெருகு போட்டுக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆனது. ஆறு மாதம் ஒரு கடுகு அந்த மனிதரை ஊமையாக்கி வைத்திருந்தது. அதிலிருந்து மோல்டு வலிக்கிறது என்று யார் வந்தாலும், முதலில் "எந்த இடத்தில்?" என்று கேட்பேன். காது முழுவதும் வலிக்கிறது என்பார்கள். பெரும்பாலும் ஒரு புள்ளிதான் இருக்கும்.

அந்தப் புள்ளியை நீங்கள் வீட்டிலேயே பாதி கண்டுபிடிக்கலாம். அப்பா ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றியதும் நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துக் காதைப் பாருங்கள். காது மடலின் உட்புறம், மேல் பகுதியில் ஒரு மடிப்பு இருக்கும். மோல்டின் மேல் முனை அந்த மடிப்புக்கு அடியில் போய் உட்கார வேண்டும். அந்த இடம் சிவந்திருந்தால் எனக்கு முதலில் மோல்டின் மேல் சந்தேகம் வராது, மாட்டும் விதத்தின் மேல்தான் வரும். முனை மடிப்புக்குள் நுழையாமல் மேலேயே நின்றுவிட்டால், மோல்டு முழுவதும் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் குத்தும், மறுபக்கம் இடைவெளி விழுந்து விசில் அடிக்கும். மோல்டு வலிக்கிறது என்று வருகிறவர்களில் நிறையப் பேரின் பிரச்சினை இதோடு முடிந்துவிடுகிறது.

மாட்டும் முறை இது. சிவப்புப் புள்ளி வலது காது, நீலம் இடது. காதுக்குள் போகும் நீளமான பகுதியை முதலில், மோல்டைச் சற்று முன்பக்கம் சாய்த்தபடி உள்ளே விட வேண்டும். பிறகு பின்பக்கமாகத் திருப்பினால் தானாக உட்காரும். கடைசியில் மேல் முனையை ஒரு விரலால் மடிப்புக்குள் செருக வேண்டும். இன்னொரு கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் வழி நேராகும். எழுதிப் படிக்கும்போது பெரிய வித்தையாகத் தெரியும். கண்ணாடி முன் நின்று பத்து முறை செய்தால் கை கற்றுக்கொள்ளும். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போட்ட கைக்கு இது பெரிய விஷயம் இல்லை. விரல் மரத்துப்போய், எத்தனை முறை முயன்றும் மேல் முனை உள்ளே போகவில்லை என்றால், அந்த முனையையே வெட்டி எடுத்துவிடலாம். அது இல்லாமலும் மோல்டு நிற்கும். வயதானவர்களுக்கு நானே பல முறை வெட்டிக் கொடுத்திருக்கிறேன். கழற்றும்போது மோல்டையும் மெஷினையும் இணைக்கிற டியூபைப் பிடித்து இழுக்கக் கூடாது, மோல்டைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

இனி ஆழத்தில் வலி இருந்தால். காதுக் குழாய் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பு, கொஞ்சம் வளைந்து கொடுக்கும். உள்ளே போகப்போக எலும்பு. அந்த எலும்பின் மேல் இருக்கிற தோல் மிக மெல்லியது, தாங்கும் சதையே கிடையாது. மோல்டின் நுனி அதில் ஒரு முடி அளவு அழுத்தினாலும் உயிர் போகும். மாட்டும்போது அப்பாவுக்கு இருமல் வருகிறதா என்று கவனியுங்கள். காதுக் குழாயின் சுவரில் வந்து முடிகிற ஒரு நரம்பு, தொண்டைக்குப் போகும் வேகஸ் நரம்பின் கிளை. அதைத் தொட்டால் சிலருக்கு இருமல் வரும். இருமலும் ஆழத்து வலியும் சேர்ந்து வந்தால், நுனி நீளமா, வளைவில் இடிக்கிறதா என்று ஆடியாலஜிஸ்ட்டை, அதாவது காது சோதித்து மெஷின் பொருத்துகிற நிபுணரை, பார்க்கச் சொல்லுங்கள். நுனியைக் குறைத்து உருட்டிவிடுவார்.

காதுத் துளைக்கு முன்னால் சின்ன மொட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் அடியில் சிவந்திருப்பதும் உண்டு. அதுவும் தேய்த்துச் சரிசெய்யக்கூடியதே. இவை எதுவும் இல்லாமல் மோல்டு தொடுகிற இடம் முழுவதும் ஒரே சீராகச் சிவந்து, அரிப்பு எடுத்து, நீர் கசிந்தால் கதை வேறு. அக்ரிலிக் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அல்லது காதில் பூஞ்சை பிடித்திருக்கலாம். அப்போது மோல்டைத் தொடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இங்கேதான் சர்க்கரை வருகிறது. சர்க்கரை உள்ளவருக்குக் காதுக் குழாயில் ஏற்படும் சின்னச் சிராய்ப்பும் ஆற நாளாகும், கிருமி சேர்ந்தால் ஆழமாகப் போகும். தூக்கத்தைக் கெடுக்கிற அளவு வலி, சீழ், வாய் திறக்க முடியாமை இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். காத்திருக்கிற நோய் இல்லை அது. அப்பாவின் வலது காதில் தோல் உரிந்திருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். உரிந்திருந்தால் ஆறும்வரை அந்தப் பக்கத்து மோல்டு வேண்டாம், இடது பக்கம் மட்டும் போடட்டும்.

தேங்காய் எண்ணெயையும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு காதில் எண்ணெய் விட்டு வளர்ந்தவர்கள் நாம், அதனால் இதைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் எண்ணெயும் ஈரமும் சேர்ந்து மோல்டால் அடைபட்டுக் கிடந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அழுக்கு சேர்ந்து டியூபின் வாயும் அடைத்துக்கொள்ளும். வழுக்கல் தேவையென்றால் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல் மருந்துக் கடையில் கிடைக்கும், ஒரு சொட்டு எடுத்து மோல்டின் பக்கவாட்டில் தடவலாம். துளையின் வாயில் படக் கூடாது. அதுகூட முதல் சில நாளுக்குத்தான். தினமும் வழுக்கினால்தான் உள்ளே போகும் என்கிற மோல்டு அளவில் தப்பானது.

சரி, இடது காதின் விசிலுக்கு வருவோம். ஒரு சோதனை. உங்கள் சுண்டுவிரலைக் காதுக்குள் லேசாக வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்கு முன்பக்கம் சுவர் அசைவது தெரியும். தாடை எலும்பின் மூட்டு காதுக் குழாய்க்குச் சரியாக முன்னால்தான் இருக்கிறது. வாய் திறக்கும்போது அந்த மூட்டு முன்னே நகர, குழாய் பலருக்கு அகலமாகும். வாயை மூடிக்கொண்டு கொடுத்த அளவில் செய்த மோல்டு, மூடிய வாய்க்குத்தான் பொருந்தும். மெல்லும்போது ஓரத்தில் இடைவெளி விழும், வெளியே கசிந்த சத்தத்தை மைக் திரும்பப் பிடிக்கும், கீச்சென்று கத்தும்.

இப்போது பல் செட். பல் இல்லாத வாயை மூடினால் தாடை வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்கும். செட்டைப் போட்டால் இறங்கும். அதாவது செட் போட்ட அப்பாவின் காதுக் குழாயும் செட் போடாத அப்பாவின் காதுக் குழாயும் ஒரே அளவு இல்லை. அளவு எடுத்த அன்று செட் வாயில் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். நிறையப் பேர் பரிசோதனை என்றதும் கண்ணாடி, கடிகாரத்தோடு அதையும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு காரணமே இடது காதின் விசிலுக்கும் வலது காதின் வலிக்கும் போதுமானதாக இருக்கலாம்.

விசில் மோல்டாலா மெஷினாலா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. மோல்டைக் காதிலிருந்து எடுத்து, மெஷினை ஓடவிட்டு, சத்தம் வெளிவரும் நுனித் துளையை விரலால் இறுக்கி மூடுங்கள். கத்தல் நின்றுவிட்டால் டியூபும் மெஷினும் சரி, காதில் மோல்டு உட்காருவதில்தான் கோளாறு. மூடியும் கத்தினால் டியூப் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது மெஷினுக்குள் ஏதோ. மூன்று வாரத்தில் டியூப் சாதாரணமாகக் கெட்டுப்போகாது, ஆனால் நீளத்தைக் கவனியுங்கள். டியூபைக் குட்டையாக வெட்டியிருந்தால் காதுக்குப் பின்னால் இருக்கும் மெஷின் மோல்டை மேல்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மோல்டு சரியாக இருந்தும் வலிக்கும், விசிலும் வரும். மாற்றுவதற்குச் சொற்பச் செலவு.

குடத்துக்குள் பேசுவது போன்ற குரல் இன்னொரு கதை. பேசும்போது நம் குரல் எலும்பு வழியாகக் காதுக் குழாயின் சுவரையும் அதிர வைக்கிறது. வாசல் திறந்திருந்தால் அந்த அதிர்வு வெளியே போய்விடும். மோல்டால் அடைத்தால் உள்ளேயே சுற்றி, செவிப்பறையில் வந்து மோதும். மெஷினை அணைத்துவிட்டு, மோல்டு மட்டும் காதில் இருக்க, அப்பாவை "ஈ" என்று இழுத்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்போதும் குடம் மாதிரியே கேட்டால் குற்றவாளி மோல்டு. அணைத்ததும் சரியானால் மெஷினில் தாழ்ந்த சுருதிச் சத்தங்களைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் போதும்.

நீங்கள் அனுப்பிய ஆடியோகிராமைப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. 250, 500 ஹெர்ட்ஸில் அப்பாவுக்கு 35 டெசிபல்தான் (இந்த எண் கூடக்கூடக் கேட்பது குறைகிறது என்று அர்த்தம்), அதாவது தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் ஓரளவு நன்றாகவே கேட்கின்றன. 2000க்கு மேல் போனால் 75, 80 என்று விழுகிறது. தறிச் சத்தமும் வயதும் சேர்ந்து செய்கிற வேலை இப்படித்தான் இருக்கும், உயர்ந்த சுருதிச் சத்தங்களைத்தான் முதலில் தின்னும். இப்படிப்பட்ட காதுக்குக் காற்றுத் துளை இல்லாமல் முழுவதும் அடைத்த மோல்டு கொடுத்தால் குரல் குடத்துக்குள்தான் கேட்கும். மோல்டில் டியூப் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் துளை இருக்கிறதா பாருங்கள். அதைத்தான் வென்ட் என்கிறோம். இல்லையென்றால் ஏன் போடவில்லை என்று கேளுங்கள். பெரிதாகப் போட்டால் விசில் கூடும், சின்னதாகப் போட்டால் குடம் தீராது. முதலில் 1 மில்லிமீட்டர் துளையிட்டுப் பார்த்து, தேவையென்றால் 2 வரை பெரிதாக்கிக்கொண்டே போவது என் வழக்கம். விசிலை மெஷினே அமுக்குகிற வசதி இன்றைய டிஜிட்டல் கருவிகளில் இருக்கிறது, அதனால் முன்பைவிடத் தாராளமாகத் துளை போட முடிகிறது. காற்று போய்வருவதால் உள்ளே வியர்ப்பதும் குறையும், நம் ஊர் வெயிலுக்கு அது ஒரு உபகாரம்.

ஆக, சிலிகானுக்கு மாறலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். மெத்தென்று இருப்பதால் வலிக்காது என்பது கையால் அழுத்திப் பார்க்கிறவருக்குத் தோன்றுகிற எண்ணம். வடிவம் தப்பானால் சிலிகானும் அழுத்தும், கொஞ்சம் தாமதமாக அழுத்தும், அவ்வளவுதான். அக்ரிலிக்கில் எனக்குப் பிடித்த குணமே, அதைத் தேய்க்கலாம், வெட்டலாம், மெருகு போடலாம், வேண்டுமானால் ஒட்டிப் பெரிதாக்கலாம். சிலிகானை அப்படித் திருத்துவது கஷ்டம், தேய்த்தால் பிசிறு தட்டும். உள்ளே நுழைக்கும்போது அது மடங்கிக்கொள்வதால் வயதானவர்கள் மாட்டவும் சிரமப்படுவார்கள். குழந்தைகளுக்கு, விழுந்து அடிபட்டாலும் காதைக் கிழிக்கக் கூடாது என்பதற்காக மெத்தென்ற பொருள்தான் கொடுப்போம். அக்ரிலிக் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், மிக அதிகச் சத்தம் தேவைப்படுகிறவர்களுக்கும் சிலிகான் நல்லது. அப்பா இந்த மூன்றிலும் இல்லை.

திருத்தியும் சரிவரவில்லை என்றால் புதிதாக அளவு எடுக்கச் சொல்லுங்கள். மெஷினின் விலையோடு பார்த்தால் மோல்டின் விலை ஒன்றுமே இல்லை. இலவசமாகவே மாற்றித் தருவார்களா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். அளவு எடுக்கும்போது நீங்கள் கூட இருங்கள். முதலில் விளக்குக் கருவியால் காதுக்குள் பார்க்க வேண்டும். அழுக்கு இருந்தால் எடுத்த பிறகுதான் மேற்கொண்டு வேலை. நூல் கட்டிய சின்னப் பஞ்சு ஒன்றைக் குழாயின் இரண்டாவது வளைவைத் தாண்டி வைப்பார்கள், கலவை செவிப்பறைவரை போகாமல் தடுக்க. அந்தப் பஞ்சு இல்லாமல் யாராவது ஊற்ற வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு இரண்டு மாவைச் சேர்த்துப் பிசைந்த மாதிரியான சிலிகானைச் சிரிஞ்சால் நிரப்பி, ஐந்து நிமிடம் போல இறுகவிட்டு எடுப்பார்கள். அந்த ஐந்து நிமிடமும் அப்பாவின் வாய் திறந்திருக்க வேண்டும். இரண்டு பல் வரிசைக்கு நடுவே ஒரு கட்டை கொடுத்து வைத்திருப்பது நல்ல பழக்கம். எடுத்த பிறகும் ஒரு முறை விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். அச்சில் குழியோ கீறலோ இருந்தால் "லேபில் சரிபண்ணிக்குவாங்க" என்பார்கள். சரிபண்ணுவது ஊகத்தில்தான் நடக்கும், அங்கேயே இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.

பராமரிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, அதனால் சுருக்கமாக. இரவில் உலர்ந்த துணியால் துடைப்பது, வாரம் ஒரு முறை மெஷினிலிருந்து பிரித்து வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, டியூபுக்குள் இருக்கும் ஈரத்தை ரப்பர் பல்பால் ஊதி, இரவு முழுக்கக் காயவிடுவது. ஸ்பிரிட் வேண்டாம். மெஷினைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. டியூப் மஞ்சளாகி விறைத்துப்போனால் மாற்ற வேண்டும், பொதுவாக மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள். அப்பா சர்க்கரையால் உடம்பு இளைத்தால் மோல்டும் லூசாகலாம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி அந்த இடத்துக்குப் போகும்போது ஒரு தந்திரம். பலர் வலிக்கிறது என்று நாலு நாள் மோல்டைக் கழற்றி வைத்துவிட்டு வருவார்கள். அதற்குள் சிவப்பு மறைந்திருக்கும், நாங்கள் பார்த்தால் காது பளிச்சென்று இருக்கும், எங்கே தேய்ப்பது? தோல் உரியாமல் இருந்தால் மட்டும், போகிற அன்று காலையில் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்து, உள்ளே கூப்பிட்ட பிறகுதான் கழற்ற வேண்டும். சிவந்த இடத்தை அவர்களே பேனாவால் மோல்டில் குறித்துக்கொள்வார்கள். ஒரே தடவையில் நிறையத் தேய்க்க விடாதீர்கள், கொஞ்சம் தேய்த்து, மாட்டி, அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, மறுபடி தேய்க்கட்டும். எடுத்ததைத் திரும்ப வைப்பது கடினம். காத்திருக்கிற நேரத்தில் அப்பாவுக்கு ஒரு வடையோ முறுக்கோ வாங்கிக் கொடுங்கள், மெல்லும்போது விசில் வருகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். பல் செட் மட்டும் வாயில் இருக்கட்டும், சட்டைப் பையில் வேண்டாம்.